பேபி எத்தனை கிலோ?

வெள்ளிக்கிழமை, காலை 6.10. மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் கோத்தகிரி வண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கையில் ஒரு எலுமிச்சம்பழம். எனக்கு மலைப்பாதை ஆகாது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வயிறு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிடும். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் பழத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேடம், கோயிலுக்குங்களா?" என்றார். "இல்லைங்க, எனக்குத்தான்," என்றேன். அவர் சிரிக்காமல் என்னை எழுப்பி முன் இருக்கையில் உட்கார வைத்தார். "பின்னால குலுக்குமுங்க. முன்னால ரோட்டையே பாத்துட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது." முப்பத்து மூன்று கிலோமீட்டரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனேன். அதனால் வழியில் இருந்திருக்கக்கூடிய பள்ளத்தாக்கு, அருவி, குரங்கு எதைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் ஒரு வரி கூட வராது. மன்னிக்க வேண்டும்.

நான் மலையைப் பார்க்கப் போகவில்லை, ஒரு பாட்டைப் பார்க்கப் போனேன். என் பெயர் வசந்தா. திண்டுக்கல்லில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினெட்டு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். கல்யாண வரவேற்புகளில் ஜனங்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, பாடகர்கள் தொண்டையை நனைத்துக்கொள்ள ஒதுங்கும் நேரத்தில், நான் மட்டும் ஒரு பழைய அமெரிக்கப் பாட்டை வாசிப்பேன். ரிதம் அண்ட் புளூஸ் என்று சொல்வார்களே, அந்த வகை. பாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இதைப் படிப்பதை விட்டுவிட்டுப் போனில் அதைத் தேடப் போய்விடுவீர்கள்.

பாட்டின் கதை மட்டும் சொல்கிறேன். கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயத்தில் கடவுளைக் கூப்பிட்டுப் பாடிய மெட்டு அது. ஒருவர் முன்னால் பாட, கூட்டம் பின்னால் பதில் சொல்லும். அந்தத் தேவாலயத்திலேயே பாடி வளர்ந்த ஒரு பாடகர், ஊரைவிட்டுப் போகும் காதலியைப் பார்த்து ‘வெயிட், பேபி’ என்று கெஞ்சுகிற மாதிரி வார்த்தைகளை மாற்றிவிட்டார். கொஞ்சம் பொறு, கதவைத் தாண்டாதே, அவ்வளவுதான் மொத்தப் பாட்டும். சுரங்களைக் கூட்டி வாசிக்கும் கார்டு நான்கே நான்கு. ஒவ்வொரு ‘வெயிட்’டுக்குப் பிறகும் தாளம் அப்படியே நின்று, ஒரு சுற்று முழுக்க மௌனம். அந்த மௌனத்துக்காகவே உலகம் முழுக்க அதைக் கொண்டாடினார்கள். நான் அந்த மௌனத்தில் விரலை ஓட்டி அலங்காரம் செய்வேன். நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வாட்ஸ்அப்பில் நாற்பது நொடி வீடியோ ஒன்று வந்தது. தேயிலைத் தோட்டம். இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டிய பெண்கள். இரும்பு முக்காலியில் ஒரு முள் தராசு தொங்குகிறது. ஒரு பெண் பாடுகிறார், மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். மெட்டு என் மெட்டு! வார்த்தைகள் தமிழ்! போனைக் கீழே வைக்கவே முடியவில்லை. வீடியோவை யார் எடுத்தது என்று மூன்று வாரம் விசாரித்து, கடைசியில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடை எழுதும் ரைட்டர் மோகனைப் பிடித்தேன். "வாங்க மேடம், தாராளமா வந்து கேளுங்க," என்றார். அந்த வீடியோ ஒன்றரை வருடம் பழசு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

காலை 8.20. கோத்தகிரி. ஒரு டீ பதினைந்து ரூபாய், ஒரு வர்க்கி பிஸ்கட் ஐந்து ரூபாய். பழத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். கட்டபெட்டு எட்டு கிலோமீட்டர்; பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அங்கிருந்து எஸ்டேட்டுக்கு ஜீப், தலைக்கு இருபது ரூபாய். ஜீப்பில் என்னோடு பதினொரு பேரும் இரண்டு காலிஃபிளவர் மூட்டையும் வந்தன. என் மடியில் உட்கார்ந்திருந்தது யாருடைய குழந்தை என்று இறங்கும்வரை எனக்குத் தெரியாது.

காலை 10.30. இதற்குத்தான் வந்தேன். எஸ்டேட்டில் ஒரு நாளைக்கு மூன்று தடவை எடை போடுகிறார்கள். எடை என்று யாரும் சொல்வதில்லை. காலை வெயிட், மத்தியான வெயிட், சாயந்தர வெயிட் என்றுதான் பேச்சு. சரிவிலிருந்து பெண்கள் சாக்கு மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். நாற்பது பேர் இருக்கும். நான் போனை ரெக்கார்டில் போட்டுத் தயாராக நின்றேன். முதல் மூட்டை கொக்கியில் ஏறியது. முள் ஆடி நின்றது. "இருபத்தாறு," என்றார் மோகன். அடுத்த மூட்டை. "இருபத்தொண்ணு." அடுத்தது. நாற்பது மூட்டையும் முடிந்தன. யாரும் வாயே திறக்கவில்லை. பதினெட்டு நிமிடம் ரெக்கார்டு ஆகியிருந்தது. அதில் மோகனின் குரலும் ஒரு நாயின் குரைப்பும்தான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மோகனைத் தனியே கூப்பிட்டு, "பாட்டு எங்கேங்க?" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "பாட்டு நின்னு ஒரு வருசம் ஆச்சுங்க மேடம். சொன்னா நீங்க வரமாட்டீங்க. நீங்க வந்தாலாவது தவமணிக்கா பாடுவாங்களோன்னு நெனச்சேன்." ஏமாற்றிக் கூட்டிவந்ததற்குத் திட்டவும் முடியவில்லை. அவர் முகம் அவ்வளவு வாடிப்போயிருந்தது.

வீடியோவில் பாடியவர்தான் தவமணி. ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, கணீர் என்ற குரல். பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டு இந்த மலைக்கு வந்தவர்கள். தவமணி இங்கேயே பிறந்தவர். நான் பேச்சைத் தொடங்கியதும் அவர், "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு வேறு எதற்கும் பதில் சொல்லாமல் சரிவில் ஏறிப் போய்விட்டார். அவருக்குப் பதிலாகப் பேசியவர் பேபியம்மா. இந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவர், வாய்த்துடுக்கிலும் மூத்தவர்.

"அந்தப் பாட்ட ஆரம்பிச்சது அவ அப்பா. இங்க தராசுக்காரரா இருந்தாரு. ஒவ்வொரு ஆளையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. முள்ளு ஆடி நிக்கிற வரைக்கும் எல்லாரும் கப்சிப். நின்னதும் எத்தன கிலோன்னு எல்லாரும் சேந்து கத்துவோம். மொதல்ல பேபி. எப்பவும் பேபிதான் மொத வெயிட்."

"ஏன் பேபி முதல்ல?"

"பாட்டுல அப்படித்தான இருக்கு? வெயிட், பேபின்னு. எனக்கு முன்னாடி இன்னொரு பேபி இருந்தா. நான் ரிட்டையரு ஆகுறதுக்குள்ள பக்கத்து லயத்து வீட்டுல பொறந்த புள்ளைக்கும் பேபின்னு பேர் வச்சுட்டாங்க. தராசுக்கு ஒரு பேபி வேணுமில்ல?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அந்தச் சரிவிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அமெரிக்கக் காதலன் பொறு கண்ணே என்று கெஞ்சியதை, தோட்டத்துத் தராசுக்காரர் ‘பேபி என்கிற பெண்ணுக்கு எடை போடு’ என்று காதில் வாங்கியிருக்கிறார்! எஸ்டேட்டில் வெயிட் என்றால் ஒரே ஒரு பொருள்தான். காத்திருப்பதற்கு அங்கே வேறு வார்த்தை இருக்கிறது. நான் சிரித்ததை மேலே நின்ற தவமணி பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என்ன தவறு செய்தேன் என்பது மாலையில்தான் தெரிந்தது.

மாலை 5.15. தவமணியின் வீடு. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் கடைசி வீடு, வாசலில் இரண்டு தகர டப்பாவில் ஜெரேனியம் பூச்செடி. மோகன் என்னை விட்டுவிட்டு நழுவினார். இந்த முறை தவமணி பேசினார்.

"போன வருசம் குன்னூருல பாட்டுப் போட்டிக்குப் போனோம். நாங்க ஏழு பேர். வெயிட்டுங்கிறது இங்கிலீசு, மெட்டும் இங்கிலீசு. அதனால இங்கிலீசு பாட்டுல பேர் குடுத்தோம். ரெண்டாவது வரியிலயே ஜட்ஜ் மணிய அடிச்சுட்டாரு. மைக்குல சொல்றாரு, லிரிக்ஸ் தப்பும்மா, அது காத்திருன்னு சொல்ற வெயிட்டு, எடை கெடையாதுன்னு. மண்டபமே சிரிச்சுச்சு. இன்னிக்கு நீங்க சிரிச்சீங்களே, அதே மாதிரி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க அப்பா சிலோன்ல துரை பங்களாவுல வேலை. இந்தப் பாட்டு துரை வீட்டு ரேடியோப் பெட்டியில கேட்டதுதான். கூட்டம் கூட்டமா இங்கிலீசுல பாடுறாங்க, எடை போடுற பாட்டு போலன்னு நெனச்சிருக்காரு. பொழச்ச ஊர விட்டுக் கப்பலேறி வர்றப்ப அவர் கையில எடுத்துட்டு வந்தது ஒரு தகரப்பெட்டி, ஒரு பாட்டு. இங்க வந்து மொத நாளு மழையில எல்லாரும் அழுதுட்டு நின்னாங்களாம். அவர் தராசப் புடிச்சுக்கிட்டு இதப் பாடினாராம். அந்தப் பாட்டே தப்புன்னு நாலு பேர் முன்னாடி சொன்னா, எங்கப்பா முட்டாளுன்னுதான அர்த்தம்? அதுக்கப்புறம் வாய் வரமாட்டேங்குது."

இதுதான் விஷயம். அவருக்குப் பரிசு போனதில் வருத்தமில்லை. தன் அப்பா முட்டாள் இல்லை என்று அதே மண்டபத்தில் பாடிக் காட்டவேண்டும், இல்லையென்றால் இனி தராசடியில் வாயைத் திறப்பதில்லை. போட்டி இந்த வருடமும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை, நாளை மறுநாள்.

"நீங்க மியூசிக் தெரிஞ்சவங்க," என்றார். "சரியான வார்த்தையச் சொல்லிக் குடுங்க. ஒரு எழுத்துத் தப்பில்லாம பாடிட்டு எறங்குறேன். அது போதும்."

இங்கே என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். யாராவது ஒரு பாட்டில் ஒரு சொல்லை மாற்றிப் பாடினாலும் எனக்குப் பொறுக்காது. எங்கள் குழுவில் எனக்கு ‘தணிக்கை வசந்தா’ என்று பட்டப்பெயர் உண்டு. சரியான வார்த்தை சொல்லிக்கொடுங்கள் என்று ஒருவர் கேட்டால் பாயசம் கிடைத்த மாதிரி எனக்கு. அன்றிரவு தவமணி வீட்டிலேயே தங்கி, இங்கிலீஷ் வரிகளைத் தமிழ் எழுத்தில் ஏழு தாளில் எழுதினேன்.

சனிக்கிழமை, மாலை 4.45. ஏழு பேரும் வேலை முடிந்து தவமணி வீட்டில் கூடினார்கள். மனப்பாடம் செய்யும் வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். ஒரு மணி நேரத்தில் வார்த்தை பிசகவில்லை, உச்சரிப்புகூட முக்கால்வாசி சரி. ஆனால் பாட்டு செத்துக்கிடந்தது. தவமணி பாட, மற்ற ஆறு பேரும் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல ஒப்பித்தார்கள். கால் தட்டவில்லை, தோள் அசையவில்லை. மௌனம் வரவேண்டிய இடத்தில் எல்லோரும் அடுத்த வரிக்காகத் தாளைப் பார்த்தார்கள்.

பேபியம்மா தாளைக் கீழே வைத்தார். "எல்லாம் சரிதான் டீச்சர். இதுல நான் எங்க?"

"வெயிட், பேபின்னு வருதே?"

"அது யாரோ ஒரு பேபி. அவ நின்னா என்ன, போனா என்ன? எங்க பாட்டுல பேபின்னு கூப்பிட்டா நான்தான் போயி நிக்கணும். என் மூட்டைதான் கொக்கியில ஏறணும்."

"நீங்க உங்க மாதிரி ஒரு தடவை பாடுங்க," என்றேன். தவமணி மாட்டேன் என்றார். பேபியம்மாதான் தொடையில் தட்டி ஆரம்பித்தார்.

*ஓடாத முள்ளே, ஆடாத முள்ளே,*
*வெயிட்… பேபி!*

தாளம் நின்றது. ஆறு பேரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். அங்கே தராசு இல்லை, வெறும் சுவர்தான். ஆனாலும் முள் ஆடுவதைப் பார்க்கிற கண்கள். ஒரு சுற்று முழுக்க மூச்சுகூடக் கேட்கவில்லை. பிறகு, "இருபத்தேழு!" என்று ஆறு குரலும் வெடித்தன. எனக்குக் கை மயிர் எழுந்து நின்றது. பதினெட்டு வருடமாக நான் விரலை ஓட்டிக் கெடுத்துக்கொண்டிருந்த மௌனம் அது. அந்த அமெரிக்கப் பாடகர் எதற்காக அந்த இடத்தைக் காலியாக விட்டாரோ, அதற்காகவே இவர்கள் அதை வைத்திருந்தார்கள். முள் நிற்கவேண்டும், அதற்காகப் பொறுக்கவேண்டும். வெயிட் போடுவதற்கு வெயிட் பண்ணித்தானே ஆகவேண்டும்? அவர் அப்பா ஒன்றையும் தப்பாகக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

எழுதிய ஏழு தாளையும் வாங்கிக் கிழித்தேன். தவமணி பதறிப்போனார். "மறுபடியும் மணி அடிச்சுட்டா?"

அப்போதுதான் அவரிடம் பாட்டின் கதையைச் சொன்னேன். முதலில் அது கடவுளைக் கூப்பிட்ட பாட்டு, அந்தப் பாடகர் கடவுள் இருந்த இடத்தில் பேபியைக் கொண்டுவந்து வைத்தார், சாமிப் பாட்டைக் கெடுத்துவிட்டான் என்று அவருடைய தேவாலயத்தாரே ஏசினார்கள் என்று.

"அப்ப அந்தாளும் வார்த்தைய மாத்தித்தான் பாடினாரா?"

"ஆமா."

"அவருக்கு யாரும் மணி அடிக்கலியா?"

"அடிச்சாங்க. அவர் நிறுத்தலை."

தவமணி சிரித்தார். வந்து இரண்டு நாளில் அவர் சிரித்து அப்போதுதான் பார்க்கிறேன். "அப்பாவும் அந்தாளும் ஒரே கட்சிதான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.30. கட்டபெட்டிலிருந்து குன்னூர் பதினான்கு கிலோமீட்டர் என்றார் ஜீப் டிரைவர். ஏழு பேர், நான், மோகன், மோகனின் தொப்பி. போகவர ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசியிருந்தோம். பள்ளிக்கூட மண்டபத்துக்கு வெளியே நல்ல கூட்டம். சின்னக் குழந்தைகள் ஜரிகைப் பாவாடையில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள்.

பெயர் பதியும் மேசையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மையார். தவமணியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "இங்கிலீஷ் பிரிவுன்னா ஒரிஜினல் லிரிக்ஸ்தான் பாடணும்மா."

"சரிங்க, தமிழ்ல எழுதிக்குங்க," என்றேன் நான்.

"தமிழ்ப் பிரிவுல மெட்டும் தமிழா இருக்கணுங்க. இது இங்கிலீஷ் மெட்டாச்சே."

அந்த மெட்டு எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை, பாடியவர்கள் எல்லோரும் மாற்றித்தான் பாடியிருக்கிறார்கள் என்று நான் குரலை உயர்த்தினேன். அம்மையார் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷி இல்லை, விதிப்புத்தகத்தோடு மாட்டிக்கொண்டவர். கடைசியில் பேனாவை மூடினார். "போட்டியில சேர்க்க முடியாது. எல்லாரும் பாடி முடிச்சப்புறம் ஜட்ஜுங்க மார்க் கூட்டுவாங்க. கால் மணி நேரம் மேடை சும்மாதான் கெடக்கும். அதுல அஞ்சு நிமிசம் பாடிக்குங்க. பரிசு கிரிசு கேக்கக் கூடாது."

எனக்கு அது அவமானமாகப் பட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தவமணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கூட்டிப் பாக்குற நேரந்தானேம்மா? நாங்க எப்பவும் பாடுறதே அந்த நேரந்தான்," என்றார்.

மதியம் 1.20. முப்பத்தொரு பாட்டுகள் முடிந்தன. ஜனங்கள் பொட்டலத்தைப் பிரித்துத் தயிர்சாதம் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நடுவர்கள் மூவரும் முன்வரிசை மேசையில் குனிந்து மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் போன வருடம் மணி அடித்தவர் என்று பேபியம்மா கைகாட்டினார். மணி இந்த வருடமும் அவர் முழங்கையருகில்தான் இருந்தது. ஏழு பேரும் மேடை ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. ஏதோ மைக் செட் ஆட்கள் என்று நினைத்திருப்பார்கள்.

தவமணி மைக்கைப் பிடித்தார். ஒன்றும் வரவில்லை. பின்னாலிருந்து பேபியம்மா தொடையில் தட்டினார், ஒன்று, இரண்டு, மூன்று. தவமணி கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

*ஓடாத முள்ளே, ஆடாத முள்ளே,*
*வெயிட்… பேபி!*

மண்டபத்தில் தயிர்சாதச் சத்தம். ஆறு பேரும் இல்லாத தராசைப் பார்த்தார்கள். ஒரு சுற்று. "இருபத்தேழு!"

நான்காவது வரிசையில் ஒரு பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். தவமணி கண்ணைத் திறந்தார். அடுத்த பெயர் குழுவில் இருக்கும் லூர்து. "முப்பது!" அடுத்தது சரஸ்வதி. "இருபத்து மூணு!" இப்படியே மேடையில் இருந்த பெயர்கள் தீர்ந்துபோயின. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தவமணி நான்காவது வரிசையில் நிமிர்ந்த பெண்ணை நேராகப் பார்த்துக் கையை நீட்டினார்.

*வெயிட்… மஞ்சச் சேலை!*

அந்தப் பெண் எழுந்தார். ஒரு சுற்று முழுக்க அவர் நின்ற மௌனத்தில் பொட்டலம் சலசலப்பதும் நின்றுவிட்டது. முள்ளை அவரும் பார்த்தார். நேற்று எடுத்த கொழுந்து அவருக்கு ஞாபகம் இருக்காதா என்ன? "முப்பத்திநாலு!" என்று கத்தினார். மேடையில் ஏழு பேரும் அதைத் திருப்பிக் கத்தினார்கள். அவ்வளவுதான். வலப்பக்கத்திலிருந்து ஒருத்தர் கையைத் தூக்கினார், இடப்பக்கத்திலிருந்து மூன்று பேர். வெயிட், பச்சை ஸ்வெட்டர். பத்தொம்பது! வெயிட், கண்ணாடிக்கார அக்கா. இருபத்தொம்பது! தோட்டம் எதுவென்று யாரும் கேட்கவில்லை. பெயர் தெரியாத எத்தனையோ பெண்களுக்கு அந்தப் பாட்டு அன்றைக்குத் தராசு பிடித்தது. பெயர் பதிந்த அம்மையார் மேசையை விட்டு எழுந்து வந்து கதவோரம் கைதட்டிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். மோகனும் அழுதார், தொப்பிக்குள்.

ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. நடுவர்கள் கூட்டலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவரின் கை மணியருகில் இருந்தது. தவமணி அதைப் பார்த்தார். மேடை விளிம்புக்கு வந்து, எனக்கு இன்றைக்கும் காதில் ஒலிக்கும் குரலில் கூப்பிட்டார்.

*வெயிட்… ஜட்ஜ் சாரு!*

தாளம் நின்றது. முழு மண்டபமும் நின்றது. ஒரு சுற்று என்றால் ஐந்தாறு நொடிதான். அவருக்கு ஒரு யுகமாக இருந்திருக்கும். அவர் மணியைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு மைக்கை இழுத்து, தாளம் பிசகாமல் சரியான இடத்தில் சொன்னார். "எழுபத்தெட்டு!"

"எழுபத்தெட்டு!" என்று மண்டபம் கூரையைத் தூக்கியது.

பரிசு கிடைக்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் பேச்சு. முதல் பரிசு ஒரு பள்ளி மாணவிக்குப் போனது. அருமையாகப் பாடிய பெண்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பரிசு கொடுத்து முடித்ததும் கூட்டம் கலையாமல் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டது. இவர்கள் மறுபடி ஏறிப் பாடினார்கள். இறங்கி வந்தபோது அந்த நடுவர் காத்திருந்தார். "போன வருஷம் நான் மணி அடிச்சிருக்கக் கூடாதும்மா," என்றார். "அதெல்லாம் விடுங்க சார்," என்றார் தவமணி, "அதான் வெயிட் குடுத்துட்டீங்களே." திரும்பி வரும்போது ஜீப்பில் யாரும் பாடவில்லை, எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது. டிரைவர் மட்டும் வழியெல்லாம் "எழுபத்தெட்டு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை, காலை 9.45. ஊருக்குக் கிளம்பும் நாள். கோத்தகிரியில் பன்னிரண்டரை வண்டி. காலை வெயிட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோட்டத்துக்குப் போனேன். சும்மா நிற்பானேன் என்று பேபியம்மா பக்கத்தில் நின்று கொழுந்து பறித்தேன். இரண்டு இலை, ஒரு மொட்டு. அவர் கை நான்கு செடிக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் என் கை ஒரு செடியில் நின்று யோசித்தது. "முத்தின இலையப் பறிக்காதீங்க டீச்சர், பேக்டரியில ஏசுவாங்க," என்றார். முக்கால் மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போனது.

10.30. தராசு. தவமணி முக்காலிக்குப் பக்கத்தில், அவர் அப்பா நின்ற இடத்தில் போய் நின்றார். கட்டிய தொண்டை இன்னும் சரியாகவில்லை, கரகரவென்றுதான் வந்தது. பாடினார். ஒரு வருடம் கழித்துப் பேபியம்மாவின் மூட்டை முதலில் ஏறியது. முள் ஆடியது, நாற்பது பேரும் மூச்சைப் பிடித்தார்கள், நின்றது. "இருபத்தெட்டு!" மோகன் எண்ணைச் சொல்லவே இல்லை. அவருக்கு எழுதுகிற வேலை மட்டும்தான் மிஞ்சியது. ஒவ்வொரு பெயராகப் போனது. நான் ரெக்கார்டு போட மறந்துவிட்டேன்.

நாற்பதாவது மூட்டை இறங்கியதும் கிளம்பலாம் என்று திரும்பினேன்.

*வெயிட்… வசந்தா!*

யாரோ இன்னொரு வசந்தா என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓடிப்போய் நான் பறித்ததைக் கொடுத்தேன். மோகன் அதை ஒரு சாக்கில் கொட்டிக் கொக்கியில் மாட்டினார். முள் கொஞ்சமாக நடுங்கியது. இருபத்தெட்டு கிலோவுக்குப் பொறுத்த அதே பொறுமையோடு, நாற்பது பெண்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அது நிற்கும்வரை பொறுத்தார்கள்.

"அரை!"

திண்டுக்கல் கல்யாண மண்டபங்களில் இந்தப் பாட்டை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. நான் வாசிக்கையில் சாம்பார் கேட்டுக் குரல் வரும், அப்பளம் கேட்டு வரும். அந்தப் பாட்டுக்குள்ளிருந்து ஒரு தடவைகூட யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டார்கள். பதில் சொல்ல என்னிடம் அரை கிலோ இருந்தது.